விறகுக்கு அனுமதி இல்லை

அந்தமானின் நார்கொண்டம் தீவிலுள்ள புறக்காவல் நிலையத்திலிருந்து வந்த கோரிக்கை சிறியது. சிலிண்டர் தீர்ந்து, அடுத்த கப்பலும் தாமதமானால், காய்ந்து விழுந்த மரத்தை அடுப்புக்கு எடுத்துக்கொள்ளலாமா? வனத்துறை அலுவலகத்தில் பதில் குறிப்பு எழுதுவது என் வேலை. விதிப்படி அனுமதிக்க இயலாது என்று எழுதினேன். அதற்குக் கீழேயே, எரிவாயு குறையாமல் போய்ச் சேர ஏற்பாடு வேண்டும் என்றும் எழுதினேன். முதல் வரி கடிதமாகப் போயிற்று. இரண்டாவது நம் அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாதது என்று மேலதிகாரி அடித்துவிட்டார்.

அவர் சொன்னது நிர்வாக முறைப்படி சரி. அந்தத் தீவின் பரப்பே 6.8 சதுர கிலோமீட்டர்தான். உறங்கிப்போன எரிமலை ஒன்று கடலிலிருந்து 710 மீட்டர் எழுந்து நிற்கிறது. காடு வனத்துறையின் பொறுப்பிலுள்ள வன உயிரினச் சரணாலயம். அங்கே இருப்பவர்கள் காவல்துறையினர். சாமான் ஏற்றிப் போகும் கப்பல் இன்னொருவர் பொறுப்பு. வருவாய்க் கணக்கில் திக்லிபூர் வட்டம். மாவட்டத் தலைமையிடம் மாயாபந்தர். இத்தனை கைகள் இருந்தும், அங்கே சோறு வேகிறதா என்று பார்க்கும் பொறுப்பு எந்தக் கையிலும் முழுதாக இல்லை. ஆனால் விறகு வெட்டக் கூடாது என்று சொல்லும் அதிகாரம் மட்டும் தெளிவாக இருக்கிறது. என் குறிப்பில் ஒன்றோடொன்று சேர்ந்திருந்த இரண்டு வரிகளில் தடை மட்டும் தனியாகப் பயணம் போனது இதனால்தான்.

தடை தேவையா என்று கேட்டால், தேவை என்றே இன்றும் சொல்வேன். நார்கொண்டம் இருவாச்சி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழவில்லை. பெண் பறவை பெரிய மரத்தின் பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு சிறு பிளவு வழியே ஆண் கொண்டுவரும் பழத்தை நம்பித்தான் அதுவும் குஞ்சும் உயிர் வாழ்கின்றன. பொந்து விழுந்த முதுமரம்தான் நம் கண்ணுக்குப் பட்டமரமாகத் தெரியும். காய்ந்ததை எடுக்கலாம் என்று ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால், எது காய்ந்தது என்பதைக் கோடரி வைத்திருப்பவர்தான் முடிவு செய்வார். ஆடுகளின் கதையும் எனக்குத் தெரியும். 1960களின் இறுதியில் காவல் நிலையம் வந்தது. பின்னால் கறிக்காகச் சில ஆடுகளைக் கொண்டுபோனார்கள். அவை பெருகி, இளங்கன்றுகளை மேய்ந்து, காடு புதுப்பித்துக்கொள்ளவே வழியில்லாமல் செய்தன. அவற்றை அப்புறப்படுத்தப் பெரும்பாடு பட வேண்டியிருந்தது. அதுவும் பசியில் தொடங்கிய, அந்த நேரத்தில் நியாயமாகத் தெரிந்த ஒரு சலுகைதான்.

இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லி முடிக்கும்போது அந்தப் புறக்காவல் நிலையத்துத் தலைமைக் காவலர் ஒருவரின் குரல் குறுக்கே வரும். விடுப்பில் வந்தவர், கடிதத்தின் நகலோடு நேரே என் மேசைக்கு வந்துவிட்டார். வன உயிரினச் சட்டத்தின் 29ஆம் பிரிவைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். சரணாலயத்திலிருந்து அகற்றப்படும் வனப்பொருளை அதன் உள்ளும் சுற்றிலும் வாழும் மக்களின் சொந்தத் தேவைக்குத் தரலாம் என்று அதில் ஓர் இடம் இருக்கிறது.

"தம்பி, அந்தத் தீவில் மனிதர் என்று இருப்பது நாங்கள் மட்டும்தான். அங்கே வாழ்பவர்கள் நாங்கள் இல்லையென்றால் வேறு யார்?"

"நீங்கள் பணிக்காகப் போனவர்கள், அண்ணே. மாற்றல் வந்தால் திரும்பிவிடுவீர்கள்."

"திரும்பும்வரை அரிசியை ஊறவைத்தா தின்பது?"

சட்டப்படி என் பதிலில் பிழை இல்லை. அந்த விலக்கு, அகற்றுவதற்கு முறையான அனுமதி கிடைத்த பிறகுதான் பேசும். அனுமதியோ வன உயிரின நலனுக்காக மட்டுமே தரப்படும். இதையும் அவரிடம் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார், மறுத்துப் பேசவில்லை. அவர் வாதாடியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் சொல்லாமல் விட்ட வாதம் ஒன்று உண்டு. பின்னால் நானே அதை அவருக்காகச் சொல்லிப் பார்த்தேன். மியான்மரின் கோகோ தீவுகள் அங்கிருந்து அதிக தூரமில்லை. திருட்டுப் படகுகள் அந்தமான் கடலுக்குப் புதியவையும் அல்ல. அந்தக் கரையில் காக்கிச் சட்டை இல்லாவிட்டால் சரணாலயம் காகிதத்தில்தான் இருக்கும். அப்படியானால் அவர்களின் அடுப்பு எரிவதே வன உயிரின நலன் இல்லையா? குறிப்பை இப்படியும் எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் மேலே நின்றிருக்குமா என்று தெரியாது. நின்றிருந்தால், அதைக் காட்டி அடுத்து என்ன கேட்பார்கள் என்ற பயமும் எனக்கு இருக்கிறது.

அதே தீவில் ரேடார் அமைக்கக் கடலோரக் காவல்படை கேட்டபோது பேச்சு தில்லிவரை போனது. 2012இல் மத்திய அமைச்சராக இருந்த ஜெயந்தி நடராஜன் மறுத்தார். 2014இல் அடுத்து வந்த அரசு அனுமதித்தது. எந்தப் பக்கம் நின்றாலும் அங்கே பெயர் போட்டுப் பொறுப்பேற்க ஒருவர் இருந்தார். விறகு விஷயத்தில் அப்படி யாரும் இல்லை.

பணிக்காலம் முடிந்து வந்த அவரைப் பிறகு போர்ட் பிளேயரின் அபர்தீன் பஜாரில் பார்த்தேன். இளைத்திருந்தார். பிள்ளைகளின் படிப்பு பற்றிப் பேசினோம். ஒருமுறை கப்பல் மிகவும் தாமதமாகிவிட்டது என்று அவராகவே சொன்னார். அந்த நாட்களில் எதை வைத்துச் சமைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டு அவர் உள்ளதைச் சொல்லிவிட்டால், நான் அதைக் கோப்பில் ஏற்ற வேண்டியவன். அவருக்கும் அது தெரியும்.