ஏஜென்சியில் போன கணவர், ஏழு வருடம், ஒரு விசா: எங்கள் அனுபவம்

என் கணவர் 2012இல் யாழ்ப்பாணத்திலிருந்து, காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சி மூலம் வெளிக்கிட்டார். நானும் இரண்டு பிள்ளைகளும் விசாவோடு பரிசில் வந்து இறங்கியது 2019இல். இப்போது ஊரிலிருந்து பெண்கள் யாரிடமாவது என் நம்பரை வாங்கி, "அக்கா, என்னென்ன பேப்பர் வேணும்?" என்று கேட்கிறார்கள். பேப்பரைப் போனிலேயே சொல்லிவிடலாம். அந்த ஏழு வருடத்தில் குடும்பத்துக்குள் என்ன நடந்தது என்பதைப் போனில் சொல்லி முடிவதில்லை. அதனால் இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

2009க்குப் பிறகு புனர்வாழ்வு முகாமில் இருந்து வெளியே வந்தவர் அவர். வந்த பிறகும் விசாரணை என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இரவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எழும்பி உட்கார்ந்துவிடுவார். போகட்டும், உயிரோடு எங்காவது இருக்கட்டும் என்று நானும்தான் சொன்னேன். எனக்குச் சீதனமாக எழுதிய வீட்டின் உறுதியை, அதாவது வீட்டுப் பத்திரத்தை, ஈடு வைத்தோம். தாலிக்கொடியைத் தவிர மற்ற நகை எல்லாம் அடகுக்குப் போனது. ஏஜென்சிக்காரன் கேட்ட 25 லட்சத்தை ஊரிலேயே ஒரு கடைக்காரரிடம் கட்டி வைப்பது ஏற்பாடு. ஆள் போய்ச் சேர்ந்ததும் காசு கைமாறும். கேட்கும்போது பாதுகாப்பான ஏற்பாடாகத்தான் தெரிந்தது. ஆனால் ஆள் பாதிவழியில் நிற்கும்போது, "இன்னும் அஞ்சு லட்சம் போட்டால்தான் அடுத்த போடர் தாண்டலாம்" என்று போன் வரும். அப்போது பேரம் பேச யாருக்கு மனம் வரும்?

மொஸ்கோ வரை விமானம், பிறகு உக்ரைன். அங்கே எல்லையில் பிடிபட்டு, தடுப்பு முகாமில் மாதக்கணக்கில் இருந்தார். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதுவரை ஒரு தகவலும் இல்லை. ஏஜென்சிக்காரன் நம்பரை மாற்றிவிட்டான். அவரோடு போன மற்றப் பெடியன்களின் தாய்மாரைத் தேடிப் பிடித்தேன். ஒருவருக்கு ஒருவர் இரவில் போன் எடுப்போம். சொல்ல எதுவும் இருக்காது, ஆனாலும் எடுப்போம். எனக்கு அப்போது நிறைமாதம். மகன் பிறந்த செய்தியை அவருக்குச் சொல்லவும் வழி இல்லை. பிறகு யாரோ சொல்லி, செஞ்சிலுவைச் சங்கத்தில் ஆளைத் தேடித்தரும்படி பதிந்தேன். அதற்குக் காசு வாங்குவதில்லை. இதைப் படிக்கிறவர்களில் யாருடைய ஆளாவது வழியில் தொடர்பில்லாமல் போயிருந்தால், ஏஜென்சி சொல்லும் "நாளைக்கு எடுப்பார்" என்பதை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே பதியுங்கள். தேடுதல் முடிவதற்குள் அவரே முகாமில் யாரோ ஒருவரின் போனை வாங்கிக் கூப்பிட்டார். முதலில் அழுதுவிட்டுத்தான் பேசினார்.

2013 கடைசியில் பிரான்ஸ் போய்ச் சேர்ந்து தஞ்சம் கேட்டார். ஒஃப்ரா என்ற அலுவலகம்தான் முதலில் விசாரிக்கும். அது நிராகரித்தது. மேன்முறையீட்டுக்கு ஒரு மாதம்தான் தவணை. மொந்த்ரெய் என்ற இடத்தில் இருக்கும் தஞ்ச நீதிமன்றத்தில் வழக்குப் போய், 2016இல் அகதி என்று ஏற்றுக்கொண்டார்கள். பிரான்சில் தங்கியிருக்கப் பத்து வருட கார்ட் கிடைத்தது. ஊரில் எல்லோரும் "பிறகென்ன, கார்ட் வந்திட்டுதே" என்றார்கள். அந்த நான்கு வருடத்தில் வட்டிக்காரர் வீட்டு முற்றத்தில் வந்து நின்றதும், மாமி என்னைப் பார்த்து "நீ மறிச்சிருந்தால் அவன் போயிருக்கமாட்டான்" என்றதும் கார்டால் மறையவில்லை.

கார்ட் வருவதற்கு முந்தின வருடம் மாமா காலமானார். கொள்ளி வைக்கத் தலைமகன் வர முடியாது. கார்ட் கையில் இருந்திருந்தாலும் முடியாது. அகதிக்குக் கொடுக்கும் பயணப் பத்திரத்தில் சொந்த நாட்டுக்குப் போக முடியாது, போனால் அந்தஸ்தே கேள்விக்குள்ளாகும். என் தம்பி போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர் அங்கே ஒரு உணவகத்தின் பின்கட்டில் நின்று பார்த்தார். இடையில் லைன் வெட்டிவிட்டது. திரும்பக் கிடைத்தபோது ஊர்வலம் ஒழுங்கை தாண்டிப் போயிருந்தது.

சரி, பேப்பருக்கு வருகிறேன். பிரான்சில் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் ஊரில் இருக்கும் மனைவி, பிள்ளைகளைக் கூப்பிடும் குடும்ப விசா வழி இது. முதலாவது, உங்கள் கணவர் தஞ்சம் கேட்கும் முதல் படிவத்திலேயே மனைவி, பிள்ளைகள் எல்லோருடைய பெயரும் பிறந்த தேதியும் இருக்க வேண்டும். அங்கே இல்லாத பிள்ளையைப் பிறகு நிரூபிப்பது பெரிய பாடு. கல்யாணம் அவர் தஞ்சம் கேட்ட தேதிக்கு முன்பே நடந்திருந்தால்தான் இந்த வழி நேராக இருக்கும். பிள்ளைகள் கல்யாணமாகாமல், விண்ணப்பிக்கும்போது 19 வயதைத் தாண்டாமல் இருக்க வேண்டும். அகதியின் குடும்பம் என்பதால் அவருடைய சம்பளம், வீட்டின் அளவு எதையும் கேட்கமாட்டார்கள். அங்கே சிலர் அதைத் தெரியாமல் "வீடு எடுத்த பிறகு கூப்பிடுவம்" என்று வருடத்தை வீணாக்குகிறார்கள்.

அகதியானவருக்குத் திருமண, பிறப்புப் பத்திரங்களை ஒஃப்ராவே புதிதாக எழுதிக் கொடுக்கும். அது வர மாதங்கள் ஆகும். நாங்கள் ஊரில் விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாம் எடுத்து மொழிபெயர்க்க வேண்டும். எங்களுக்கு இடறியது இரண்டு இடத்தில். பரிசில் படிவம் நிரப்பியவர் கோயிலில் தாலி கட்டிய தேதியை எழுதியிருந்தார். பதிவு அதற்கு மூன்று வாரத்துக்கு முந்தியது. அடுத்தது பெயர். நம்மில் பிள்ளைக்குத் தகப்பன் பெயர் முன்னால் வரும், எனக்கு என் அப்பாவின் பெயர். ஒரே குடும்பத்தில் ஏன் குடும்பப் பெயர் வேறு வேறு என்று அவர்களுக்குப் புரியாது. ஆங்கில எழுத்தில் ஒரு எழுத்துக் கூடினாலும் குறைந்தாலும் விளக்கம் கேட்டார்கள். பிரதேச செயலகம், மொழிபெயர்ப்பாளர், கொழும்பு விசா நிலையம் என்று அலைந்தேன். வவுனியா தாண்டும்போதெல்லாம் மகன், "இந்த முறை அப்பாட்டப் போறமா?" என்று கேட்பான். இன்னொன்று, போட்டோ, வங்கிச் சீட்டு, போன் பதிவு எதையும் எறியாதீர்கள். பிரிந்திருந்த காலத்திலும் குடும்பமாகத்தான் இருந்தோம் என்பதற்கு அவைதான் சாட்சி.

விமான நிலையத்தில் மகன் முதல்முறையாகத் தகப்பனைத் தொட்டான், ஆறு வயதில். மகளுக்குப் பத்து. அவளுடைய பள்ளி றிப்போட்டில் அதுவரை என் தம்பிதான் கையெழுத்து வைத்தான். இங்கே வந்தும் வெகு காலம் றிப்போட்டை என்னிடம்தான் நீட்டுவாள். அவர் ஒன்றும் சொல்லமாட்டார், பார்த்துக்கொண்டிருப்பார். வேலை முடிந்து அவர் வரும்போது நள்ளிரவு தாண்டும், பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். ஒரே வீட்டில் இருந்தும் பிள்ளைகளோடு பேசுவதற்கு அவருக்குக் கிழமையில் ஒரு நாள்தான். அதை வைத்துக்கொண்டு மெல்ல மெல்லச் சேர்ந்தார்கள்.

2022 நவம்பரில் கனடாவுக்கென்று வெளிக்கிட்ட 303 இலங்கையர் வியட்நாமுக்கு அருகே நடுக்கடலில் மாட்டிக்கொண்ட செய்தி வந்தபோது இவர் வேலைக்குப் போகவில்லை. ஜப்பான் கப்பல் ஒன்று அவர்களைக் காப்பாற்றி வியட்நாமில் இறக்கியது. திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் அங்கே ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். நான்கு பிள்ளைகளின் தகப்பன் என்று செய்தியில் இருந்தது. அடுத்த மாதம் 151 பேர் நாடு திரும்பினார்கள். அவர்களின் வீடுகளிலும் உறுதி ஈட்டில்தான் இருந்திருக்கும். எங்கள் உறுதியை மீட்கவே 2021 ஆனது.

மாமி இன்னும் ஊரில்தான். வளர்ந்த மகன் தாயைக் கூப்பிட இந்த வழியில் இடமில்லை. சுற்றுலா விசாவுக்குப் போட்டோம், மறுத்துவிட்டார்கள். இவருடைய பயணப் பத்திரத்துக்கு இந்திய விசா கிடைத்தால் திருச்சியில் சந்திக்கலாம் என்று இருக்கிறோம். மாமிக்கு முழங்கால் ஏலாது, விமானத்தில் தள்ளுநாற்காலி கேட்க வேண்டும். அவருடைய பாஸ்போர்ட்டுக்குத் தம்பி போன கிழமை படிவம் கொடுத்திருக்கிறான்.