குடிய நிறுத்தினதவிட மீட்டிங் தேடினதுதான் பெரும்பாடு

டீடாக்ஸ் (ஒடம்புலேருந்து குடிய எறக்குற சிகிச்சை), டாக்டர், ரத்த டெஸ்ட்டு எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, அதப்பத்தி பெருசா சொல்ல ஒன்னும் இல்ல. ஒன்னே ஒன்னு, தினமும் நிறைய குடிக்கிறவங்க வைராக்கியத்துல தானா ஒரே நாள்ல நிறுத்திடாதீங்க, வலிப்பு வரலாம், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாயிடும். டாக்டர்கிட்ட சொல்லிட்டு நிறுத்துங்க. மீட்டிங்கெல்லாம் அதுக்கப்புறம்.

கிளம்பும்போது ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிய விட நெனைக்கிறவங்க ஒன்னா கூடி ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்கிற அமைப்பு) மாதிரி குரூப்புகளோட லிஸ்ட்டு ஒன்னு குடுத்து "உங்களுக்கு ஒத்துவர்ற குரூப்பா பாத்து சேந்துக்குங்க"ன்னு அனுப்பிட்டாங்க. எது ஒத்துவரும்னு எப்படிப் பாக்கிறதுன்னு மட்டும் யாரும் சொல்லல. லிஸ்ட்ல இருந்த மொத அட்ரஸ்ல கேட்டு பூட்டியிருந்துச்சு. வாட்ச்மேன் "அவங்க எப்பவோ காலி பண்ணிட்டாங்களே"ன்னார். அன்னைக்கு காலைலேருந்து தைரியத்த சேத்து வெச்சு போயிருக்கேன், குடிக்கணும்னு கை பரபரக்கிற அதே சாயங்கால நேரத்துல பூட்டுன கேட்டு முன்னாடி நிக்கிறது எப்படி இருக்கும்னு குடிச்சவங்களுக்குத் தெரியும். இந்த குரூப்பெல்லாம் மெம்பர்களே சேந்து நடத்துறது, இரவல் ரூம்லதான் கூடுவாங்க, இடமும் நேரமும் மாறிக்கிட்டே இருக்கும். அதனால எவ்வளவு புதுசா தெரியிற லிஸ்ட்டா இருந்தாலும் சரி, போற அன்னைக்கே அந்த குரூப்போட ஹெல்ப்லைனுக்கு போன் போட்டு "இன்னைக்கு நடக்குதா"ன்னு கேட்டுட்டுக் கிளம்புங்க.

அடுத்து போன எடத்துல மீட்டிங் நடந்துச்சு, ஆனா ரூம் முழுக்க ஆம்பளைங்க. உள்ள கால் வைக்கிறேன், ஒருத்தர் ரொம்ப மரியாதையா எழுந்து வந்து "சிஸ்டர், ஃபேமிலி மீட்டிங் பக்கத்து ரூம்ல"ங்கிறார். என்னப் பாத்தா குடிகாரன் பொண்டாட்டியாதான் தெரியுது, குடிக்கிறதே நான்தான்னு யாருக்கும் தோணல. "எனக்குத்தாங்க"ன்னேன். ஒரு நிமிஷம் ஒருத்தரும் வாய் தொறக்கல, அப்புறம் சேர் போட்டாங்க, தப்பு சொல்லக்கூடாது. குடும்பத்துக்காரங்களுக்கு "அல்-அனான்"னு தனியா ஒன்னு 1951லேருந்தே இருக்கு, நல்ல விஷயம்தான், ஆனா எனக்கு வேண்டியது அது இல்லையே. முடிஞ்சதும் இன்னொருத்தர் கிட்ட வந்து நம்பர் குடுத்து, நானே உங்களுக்கு ஸ்பான்சரா (புதுசா வந்தவங்களுக்கு கூட இருந்து வழிகாட்டுற பழைய மெம்பர்) இருக்கேன், ராத்திரி எப்ப வேணா கூப்பிடுங்கன்னார். பொம்பளைங்களுக்கு பொம்பளைங்கதான் ஸ்பான்சரா இருக்கணும்ங்கிறது எங்கயும் பொதுவா சொல்ற அறிவுரை. ஏ.ஏ.ல குடிய விட 12 படின்னு ஒரு வழிமுறை இருக்கு, புதுசா வர்றவங்களுக்கு ரூட்டு விடுறதுக்கு "பதிமூணாவது படி"ன்னு பழைய மெம்பர்களே பேர் வெச்சிருக்காங்கன்னா பாத்துக்குங்க. நம்பர வாங்கி அங்கயே கிழிச்சுப் போட்டுட்டு வந்தேன்.

இன்னொரு எடத்துக்கு துணைக்கு அக்காவக் கூட்டிட்டுப் போனேன், அது க்ளோஸ்டு மீட்டிங்காம், பாவம் அவ முழு நேரமும் வெளிய படிக்கட்டுல உக்காந்திருந்தா. ஓப்பன்னு போட்டிருந்தா யார் வேணா வரலாம், க்ளோஸ்டுன்னா குடிப் பிரச்சனை இருக்கிறவங்க மட்டும்தான். அதே எடத்துலதான் வருஷக்கணக்கா குடிக்காம இருக்கிற ஒரு பெரியவர், நான் மாத்திர சாப்பிடுறேன்னு சொன்னதும் "மாத்திர போட்டா அது நெஜமான சோபர் இல்லம்மா"ன்னார். எனக்கு வந்த கோவம் இருக்கே! குடிக்கிற ஆசையக் குறைக்க நால்ட்ரெக்சோன் மாதிரி மருந்து டாக்டரே எழுதிக் குடுக்கிறதுதான். ஏ.ஏ. வெளியிட்ட பிரசுரத்துலயே மெம்பர்கள் யாரும் டாக்டர் வேலை பாக்கக்கூடாதுன்னு தெளிவா இருக்கு. யார் என்ன சொன்னாலும் மாத்திரைய அவங்க பேச்சக் கேட்டு நிறுத்தாதீங்க.

சாமி விஷயம் சிலருக்கு ஒத்துக்காது. 12 படியில உயர்ந்த சக்தின்னு வரும், உங்களுக்கு எப்படிப் புரியுதோ அப்படி எடுத்துக்கலாம்னுதான் சொல்றாங்க, ஆனா சில குரூப்ல அதுவே முக்கால்வாசி நேரம் ஓடும். அது வேண்டாம்னா ஸ்மார்ட் ரெக்கவரின்னு 1994ல ஆரம்பிச்சது இருக்கு, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்துற பயிற்சி மாதிரி போகும், படியெல்லாம் கிடையாது. பெண்களுக்கு மட்டும்னு விமன் ஃபார் சோப்ரைட்டி 1975லேருந்து இருக்கு. ஆன்லைன்லயும் நிறைய நடக்குது. ஏழு மணின்னு போட்டிருந்தா அது எந்த ஊர் ஏழு மணின்னு மட்டும் பாத்துக்குங்க, நான் அழகா தல சீவிட்டு லாகின் பண்ணா அங்க மீட்டிங் முடிஞ்சு வெறும் ஸ்க்ரீன்தான் இருந்துச்சு.

காசு விஷயம். ஏ.ஏ.ல கட்டணமே கிடையாது, குடிய நிறுத்தணும்ங்கிற ஆசை இருந்தாப் போதும், வேற தகுதி எதுவும் கேக்கக்கூடாது. உண்டியல் மாதிரி ஒன்னு சுத்தி வரும், புதுசா வந்தவங்க போட வேண்டாம்னு பெரும்பாலும் அவங்களே சொல்லிடுவாங்க. பேச விருப்பமில்லன்னா "இன்னைக்கு கேக்க மட்டும் வந்தேன்"னு சொன்னா விட்டுடுவாங்க. முழுப் பேர் சொல்லணும்னு அவசியமே இல்ல.

கடைசில கெடச்சது எப்படின்னா, ஹெல்ப்லைன்ல போன் எடுத்த தம்பிகிட்ட பட்டுன்னு கேட்டேன், "பொம்பளைங்க வர்ற மீட்டிங் எது, அத மட்டும் சொல்லுங்க"ன்னு. அவருக்குத் தெரியல, ஆனா நம்பர் வாங்கி வெச்சு, அன்னைக்கே ஒரு அக்காவ என்கிட்ட பேச வெச்சார். இத மொதல்லயே கேக்கணும்னு யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா எவ்வளவு அலைச்சல் மிச்சம்! அவங்க குரூப்லதான் சேந்தேன். சின்ன குரூப்புதான், ஆன்லைன்ல, கேமரா போடணும்னு கட்டாயம் இல்ல. யாரோட சம்சாரம்னு யாரும் கேக்கல. ஒருத்தங்க பேசும்போது குறுக்க யாரும் புத்தி சொல்றதில்ல, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சுது. பாட்டில அரிசி டப்பால ஒளிச்சு வெச்ச கதைய ஒருத்தங்க சொன்னப்ப எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம், வெளிய யார்கிட்டயாவது சொல்ல முடியுமா அத?

ஸ்பான்சரா இருக்கீங்களான்னு அந்த அக்காகிட்டயே கேட்டிருக்கேன். ஏற்கெனவே ஒரு பொண்ணப் பாத்துக்கிறேன், யோசிச்சு சொல்றேன்னாங்க, அதுவரைக்கும் தோணும்போதெல்லாம் கூப்பிடுன்னிருக்காங்க.