டெசாவில் போல்கேயின் கல்லறை

பெர்லினிலிருந்து டெசாவுக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். எல்பே ஆற்றைத் தாண்டியதும் ஊர் வந்துவிடும். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் பௌஹவுஸ் என்ற புகழ்பெற்ற வடிவமைப்புப் பள்ளியின் கட்டடத்தைப் பார்க்கத்தான் இங்கே வருகிறார்கள். நான் போனது ஒரு கல்லறைக்காக. "இவ்வளவு தூரம் போய் இடுகாட்டையா பார்ப்பாய்?" என்று வீட்டில் கேட்டார்கள். விமானக் கிறுக்கு பிடித்தவனிடம் இதற்கெல்லாம் பதில் கிடையாது.

ஊரின் போர்வீரர் இடுகாட்டில் இருக்கிறது ஓஸ்வால்ட் போல்கேயின் கல்லறை. முதல் உலகப் போரின் ஜெர்மன் போர் விமானி 'ரெட் பேரன்' ரிக்ட்ஹோஃபெனைப் பலருக்கும் தெரியும். அவருக்கு வித்தை சொல்லிக்கொடுத்த வாத்தியார் இவர். 1891இல் ஹாலே அருகே பிறந்து டெசாவில் வளர்ந்தவர், ஒரு பள்ளி ஆசிரியரின் மகன். ராணுவத்தில் முதலில் தந்திப் பிரிவு. விமானி உரிமம் வாங்கியது 1914 ஆகஸ்டில், போர் மூண்ட அதே மாதம்.

1915இல் பிரான்சின் டூவே நகரில் இருந்தபோது ஃபோக்கர் ஒற்றை இறக்கை விமானம் கைக்கு வந்தது. அதன் துப்பாக்கியை இன்ஜினோடு இணைத்திருந்தார்கள். சுழலும் விசிறியின் அலகுகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் மட்டும் குண்டு வெளியேறும். அதாவது, விமானத்தையே எதிரியை நோக்கித் திருப்பிச் சுட்டால் போதும். போல்கேயும் சக விமானி மாக்ஸ் இம்மெல்மானும் அதில் பேர் வாங்கினார்கள். 1916 ஜனவரியில் இருவருக்கும் ஒரே நாளில் பிரஷ்யாவின் உயர்ந்த வீர விருது.

ஜூனில் இம்மெல்மான் இறந்தார். இன்னொரு நாயகனையும் இழக்கக் கூடாது என்று போல்கேயைப் பறக்கவிடாமல் பால்கன் நாடுகள், துருக்கி என்று சுற்றுப்பயணம் அனுப்பிவிட்டார்கள். அந்தப் பயணத்தில்தான் கிழக்குப் போர்முனையின் கோவெலில் அண்ணனைப் பார்க்கப் போனவர், அங்கிருந்து ரிக்ட்ஹோஃபெனையும் எர்வின் போமே என்ற விமானியையும் தன் புதிய படைக்குத் தேர்ந்தெடுத்தார். போமேக்கு வயது 37, வாத்தியாருக்கு 25.

என்னைக் கேட்டால், வீழ்த்திய நாற்பது விமானங்களைவிட அவர் வகுத்த விதிகளே பெரிது. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள். கிட்டப் போன பிறகே சுடு. தொடங்கிய தாக்குதலைப் பாதியில் விடாதே. எதிரி மேலிருந்து பாய்ந்து வந்தால் ஓடாதே, எதிர்கொள். ஒரே எதிரியை இரண்டு பேர் துரத்தாதீர்கள். அதுவரை வான்சண்டை தனிமனித சாகசமாகவே இருந்தது. அதைச் சொல்லிக்கொடுக்கக்கூடிய தொழிலாக்கியவர் இவர்.

1916 அக்டோபர் 28. போல்கேயும் போமேயும் ஒரே பிரிட்டிஷ் விமானத்தைத் துரத்தினார்கள். குறுக்கே இன்னொன்று பாய, விலகும்போது போமேயின் சக்கரச் சட்டம் போல்கேயின் மேல் இறக்கையில் உரசியது. லேசான உரசல்தான். ஆனால் இறக்கை பிய்ந்து விமானம் விழுந்தது. அவசரத்தில் அவர் இருக்கைப் பட்டியைக் கட்டவில்லை என்கிறார்கள். எதிரியின் குண்டு ஒன்றுகூட அவரை வீழ்த்தவில்லை. பிரிட்டிஷ் விமானிகள், வீரமும் பெருந்தன்மையும் கொண்ட எதிரிக்கு என்று எழுதி ஒரு மலர்வளையத்தை வானிலிருந்து போட்டுவிட்டுப் போனார்கள்.

டூவேயில் கால்வாயில் மூழ்கிய பிரெஞ்சுப் பையனை உடையோடு குதித்துக் காப்பாற்றியவரும் இவர்தான். இதையெல்லாம் படிக்கும்போது மனசு இளகத்தான் செய்கிறது. ஆனால் அந்த நாற்பது விமானங்களிலும் ஆட்கள் இருந்தார்கள். அப்புறம், இரண்டாம் உலகப் போரில் போலந்திலும் பிரிட்டனிலும் குண்டு வீசிய படைப்பிரிவு ஒன்றுக்கும் போல்கே பெயரைத்தான் சூட்டினார்கள். நோர்வெனிக்கில் உள்ள இன்றைய ஜெர்மன் விமானப்படைப் பிரிவுக்கும் அதே பெயர். இறந்தவரிடம் யார் சம்மதம் கேட்கப் போகிறார்கள்?

போகிறவர்கள் அதே ஊரிலுள்ள ஹூகோ யுங்கர்ஸ் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள். அங்கே ஒரு யுங்கர்ஸ் 52 விமானம் நிற்கிறது. தகரக் கூரை மாதிரி வரிவரியாக மடிந்த அதன் உலோக உடம்பைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கிளம்பும் முன் திறப்பு நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.