செயின் அறையும் சத்தமும் நான் மாற்றிய ஆர்.டி.யும்

கரடுமுரடான இறக்கத்தில் பெடல் மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உருளவிட்டால் என் சைக்கிளிலிருந்து ஒரு சத்தம் வரும். தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டு யாரோ குலுக்குகிற மாதிரி. மண்பாதையில் ஓட்டினால் அப்படித்தான் இருக்கும் என்று ரொம்ப நாள் விட்டுவிட்டேன். ஒருநாள் சைக்கிளைக் கழுவும்போதுதான் கவனித்தேன். பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் வலதுபக்கக் குழாய் இருக்கிறதே, செயின்ஸ்டே, அதில் இரண்டு விரல் நீளத்துக்குப் பெயின்ட்டே இல்லை. வெறும் அலுமினியம் பளபளக்கிறது. விரலால் தடவினால் சின்னச் சின்னப் பள்ளங்கள், அதுவும் வரிசையாக, செயின் கண்ணியின் அளவுக்கே. அத்தனை நாளும் செயின் அந்தக் குழாயை அறைந்துகொண்டே இருந்திருக்கிறது, நான் அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டியிருக்கிறேன்.

இதற்கு ஒரு நல்ல பின்பக்க கியர் மாற்றி வாங்கினால் போதும் என்று எல்லோரையும் போல நானும் நினைத்தேன். (அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் டிரெய்லர் என்று வந்து, லாரிக்குப் பின்னால் கட்டி இழுப்பதா, படத்துக்கு முன்னால் வருவதா என்று குழம்பும். சைக்கிள்காரர்கள் ஆர்.டி. என்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.) போதுமானதாக இல்லை. அந்தக் கதைதான் இது.

ஆர்.டி.க்கு இரண்டு வேலை. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளிவிடுவது எல்லோருக்கும் தெரிந்த வேலை. இன்னொன்று, எந்த கியரில் இருந்தாலும் மிச்சமாகும் செயினை இழுத்துப் பிடித்து வைத்திருப்பது. இதைச் செய்வது கேஜ் என்கிற அந்தத் தொங்கும் கை. இரண்டு குட்டிக் கப்பிகள், நடுவே செயின், பின்பக்கமாக இழுக்க உள்ளே ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங் ரொம்ப இறுக்கமாக இருந்தால் கியர் மாற்றுவது கனமாகிவிடும் என்பதால் அதை ஓரளவுக்கு மென்மையாகத்தான் வைப்பார்கள். வண்டி குழியில் விழும்போது கீழ்ப்பக்கச் செயின் எகிறுகிறது, எகிறும் செயின் கேஜை முன்னால் இழுக்கிறது, கேஜ் முன்னால் வந்தால் செயின் இன்னும் தளர்கிறது, தளர்ந்த செயின் குழாயில் போய் அடிக்கிறது.

இதை நம்பாமல் ஃபோனை ரப்பர் பேண்டு போட்டு சீட்டுக்குக் கீழே உள்ள குழாயில் பின்பக்கம் பார்க்கக் கட்டி, ஸ்லோமோஷனில் எடுத்துப் பார்த்தேன். கயிறு தாண்டி விளையாடும்போது தரையில் அடிக்குமே கயிறு, அப்படியே இருந்தது. கீழ்ச்செயின் வில்லாக வளைந்து மேலே போய்க் குழாயின் அடியில் ஒரு அறை, அது இறங்குவதற்குள் மேல்செயின் தொய்ந்து குழாயின் முதுகில் ஒரு அறை. கேஜோ ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. பழைய ஆர்.டி. என் மேல் எந்த அக்கறையும் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

சரி, முதலில் காசு செலவாகாத வழிகள். பஞ்சரான டியூபை நீளவாக்கில் கத்தரித்துக் குழாயைச் சுற்றிக் கட்டினேன். சத்தம் டக டக என்பதிலிருந்து தொப் தொப் என்று மாறியது. பெயின்ட் பிழைத்தது, செயின் ஆடுவது ஆடிக்கொண்டேதான் இருந்தது. அப்புறம் செயினின் நீளம். இதைத்தான் நான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம், இரண்டின் மேலும் ஆர்.டி. வழியாகப் போகாமல் செயினைச் சுற்றி, அதற்கு மேல் 2 கண்ணி சேர்ப்பது முன்னால் மூன்று பல்சக்கரம் உள்ள என் வண்டி மாதிரியான பழைய செட்டுகளுக்கான கணக்கு. (பின்பக்க சஸ்பென்ஷன் இருந்தாலும், முன்னால் ஒரே பல்சக்கரம் உள்ள புது செட்டுகள் சிலவற்றிலும் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், அந்தந்தக் கையேட்டைப் பார்க்க வேண்டியதுதான்.) என் செயினில் 4 கண்ணி அதிகம் இருந்தது. ஒரு கண்ணி 12.7 மி.மீ., நாலு என்றால் 5 செ.மீ. அந்த 5 செ.மீ.யைக் கழற்றி எறிந்ததிலேயே சத்தம் கணிசமாகக் குறைந்தது. புது ஆர்.டி.க்காக இரவெல்லாம் உட்கார்ந்து தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து முதலில் கண்ணியை எண்ணுங்கள்.

பழைய ஆர்.டி. சிலவற்றில் கேஜ் ஸ்பிரிங்கின் முனையை மாட்ட இரண்டு துளை இருக்கும். இறுக்கமான துளைக்கு மாற்றினால் இழுவிசை கொஞ்சம் கூடும். மாற்றினேன். பிரிக்கும்போது கேஜ் சுழன்று வந்து விரலில் அறைந்தது தவிர பெரிய பலன் ஒன்றும் தெரியவில்லை.

இனி கேஜின் நீளம். கேஜ் ஆடாமல் பிடித்துவைக்கும் கிளட்ச் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. எந்த ஆர்.டி.க்கும் மொத்தத் திறன் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். முன்பக்கப் பெரியதுக்கும் சிறியதுக்கும் உள்ள பல் வித்தியாசம், பின்பக்கப் பெரியதுக்கும் சிறியதுக்கும் உள்ள பல் வித்தியாசம், இரண்டையும் கூட்டினால் நம் வண்டிக்கு எவ்வளவு திறன் தேவை என்று வந்துவிடும். என் வண்டியில் முன்னால் 44-32-22, பின்னால் 11-34. ஆக 22-ம் 23-ம் சேர்த்து 45. பெரியது-பெரியதிலிருந்து சிறியது-சிறியதுக்கு வரும்போது இந்த 45 பல்லில் பாதி அளவுக்கு, அதாவது கிட்டத்தட்ட 29 செ.மீ. செயினை, கேஜ் பின்னால் மடிந்து உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் அவ்வளவு நீளக் கை. நீளக் கை என்றால் கனம் அதிகம், ஆட்டமும் அதிகம். முன்னால் 32 பல்லில் ஒரே ஒரு சக்கரம், பின்னால் 11-36 என்று வைத்துக்கொண்டால் தேவை வெறும் 25, சுருட்ட வேண்டியது 16 செ.மீ. நடுத்தர நீளக் கேஜே தாராளம். நானோ 44-ஐயும் 22-ஐயும் கடைசியாக எப்போது தொட்டேன் என்பதே ஞாபகம் இல்லாமல், அவற்றுக்காக ஒரு முழ நீளக் கேஜைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

கிளட்ச் என்பது கேஜ் சுழலும் இடத்தில் இருக்கும் ஒரு பிடி. சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ கம்பெனியின் ஆர்.டி.யில் ஒருவழியில் மட்டும் சுழலும் ரோலர் பேரிங்கைச் சுற்றி ஓர் உலோகப் பட்டை கவ்விக்கொண்டிருக்கும். கேஜ் பின்னால் போகும்போது, அதாவது தளர்ந்த செயினை இழுக்கப் போகும்போது, தடையே இல்லை. முன்னால் வர முயன்றால் அந்தப் பட்டையின் உராய்வை மீறித்தான் வர முடியும். குழியில் விழும்போது வரும் திடீர் உதறலுக்கு அவ்வளவு எளிதில் மசியாது, கியர் மாற்றும்போது நாம் கொடுக்கும் இழுப்புக்கு வழிவிடும். ஷிமானோ இதை 2011-ல் எக்ஸ்டிஆர் என்ற மவுன்டன் பைக் வரிசையில் ஷேடோ பிளஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது, அடுத்த வருஷம் அதன் போட்டிக் கம்பெனி ஸ்ராம் டைப் 2 என்று கொண்டுவந்தது. 2018-ல் ஷிமானோ தன் அல்டெக்ரா ஆர்எக்ஸ் மூலம் ரோடு பைக்குக்கும் கொண்டுவந்துவிட்டது. வாங்கும்போது ஏமாறாமல் இருக்க ஒன்று சொல்கிறேன்: ஷேடோ என்று மட்டும் இருந்தால் ஆர்.டி. வெளியே துருத்தாமல் ஒட்டினாற்போல் இருக்கும் என்றுதான் அர்த்தம், பிளஸ் இருந்தால்தான் கிளட்ச். ஷிமானோவின் டியோர் வரிசையில் எம்4120-ம் எம்5120-ம் பெயரில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், முதலாவதில் கிளட்ச் கிடையாது.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் செய்த காரியம், 10 கியருக்கான நடுத்தரக் கேஜ், கிளட்ச் உள்ள ஒரு ஷிமானோ மவுன்டன் பைக் ஆர்.டி.யை வாங்கி என் 9 கியர் (பின்னால் 9 பல்சக்கரம்) வண்டியில் மாட்டியது. ஆர்.டி. தானே, கேபிள் இழுத்தால் நகரப்போகிறது என்ற துணிச்சல். மாட்டி முடித்து ஸ்டாண்டில் நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றினால் முதல் கிளிக்குக்குச் செயின் தயங்கித் தயங்கி ஏறியது, இரண்டாவதுக்கு இரண்டு சக்கரத்துக்கு நடுவே நின்று முனகியது, மூன்று கிளிக் ஆனபின் ஒரு கியர் பின்தங்கியிருந்தது. அரைமணி நேரம் கேபிளை இறுக்கியும் தளர்த்தியும் பார்த்தேன். பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஷிமானோவின் பழைய 9 கியர் ஆர்.டி., கேபிள் 1 மி.மீ. இழுபட்டால் சுமார் 1.7 மி.மீ. நகரும். ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு 2.5 மி.மீ. இழுக்கும், ஆக நகர்வு 4.3 மி.மீ. சொச்சம், பல்சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரமும் அதுவே. 10 கியர் மவுன்டன் பைக் ஆர்.டி.யில் அந்த விகிதம் 1.2 தான். அதே ஷிஃப்டர், அதே இழுப்பு, ஆனால் நகர்வு 3 மி.மீ. மூன்று கிளிக்கில் 4 மி.மீ. பாக்கி விழுந்துவிடுகிறது, அதாவது முழுசாக ஒரு கியர். எந்தத் திருகைத் திருகினாலும் இது சரியாகாது.

கோவணத்தை எலி கடிக்கிறது என்று பூனை வளர்த்து, பூனைக்குப் பால் வேண்டுமென்று பசு வாங்கின சாமியார் கதைதான் அப்புறம் நடந்தது. ஆர்.டி.க்காக 10 கியர் ஷிஃப்டர், ஷிஃப்டருக்காக 10 கியர் கேசட் (பின்பக்கப் பல்சக்கர அடுக்கு), கேசட்டுக்காகப் புதுச் செயின். அந்த ஆர்.டி.யின் திறன் 35 பல் என்பதால் 45 கேட்கும் மூன்று முன்சக்கரங்களும் போக வேண்டியதாயிற்று. அவற்றுக்குப் பதில் பற்கள் ஒன்று ஒல்லியாகவும் ஒன்று தடியாகவும் மாறி மாறி வரும் ஒற்றைச் சக்கரம். வேண்டுமென்றே இப்படிச் செய்திருந்தால் புத்திசாலி என்று சொல்லிக்கொள்ளலாம், நான் வழுக்கி விழுந்துதான் அங்கே போய்ச் சேர்ந்தேன். 9 கியரை விட மனமில்லாதவர்களுக்கு மைக்ரோஷிஃப்ட் கம்பெனியின் அட்வென்ட் வரிசையில் கிளட்ச் உள்ள ஆர்.டி. இருக்கிறது, ஆனால் அதே வரிசை ஷிஃப்டரையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். ஸ்ராம் 10 கியர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள், அதில் ரோடு ஷிஃப்டரோடு மவுன்டன் பைக் ஆர்.டி.யைச் சேர்த்தாலும் வேலை செய்யும்.

எல்லாம் மாட்டி அதே இறக்கத்தில் இறங்கினேன். டயர் மண்ணை அரைக்கும் சத்தம் என் சைக்கிளில் எனக்குக் கேட்டது அன்றுதான் முதல்முறை. மறுபடி ஃபோனைக் கட்டி எடுத்ததில் கேஜ் ஏறக்குறைய அசையவே இல்லை. குறையே இல்லையா என்றால், உண்டு. பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றும்போது கட்டைவிரல் கூடுதலாக உழைக்கிறது, கேபிள் அழுக்கேறினால் இன்னும் மோசம். சேறும் தண்ணீரும் புகுந்தால் அந்தப் பட்டை இறுகி முரண்டு பிடிக்கும் அல்லது தளர்ந்து பெயருக்கு இருக்கும், மூடியைத் திறந்து துடைத்துக் கிரீஸ் வைக்க வேண்டும்.

மெதுவான குலுங்கலில் மேல்செயின் மட்டும் இன்னும் அவ்வப்போது குழாயின் முதுகைத் தட்டியது. அதற்குக் காரணம் ஆர்.டி. இல்லை. ஸ்டாண்டில் வைத்துச் சுற்றிவிட்டுப் பெடலை நிறுத்தினால் மேல்செயின் சட்டென்று தொய்ந்தது. பெடலை நிறுத்தினாலும் சக்கரத்தை உருளவிடும் பின்சக்கரத்தின் ஃப்ரீவீல் அழுக்கில் இறுகி, உருளும்போது செயினைத் தன்னோடு சேர்த்து முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. சுத்தம் செய்து எண்ணெய் விட்டதும் நின்றது. கீழ்ச்செயினுக்கு ஆர்.டி., மேல்செயினுக்கு ஃப்ரீவீல் என்று வைத்துக்கொண்டு தேடுங்கள், பாதி குழப்பம் தீரும்.

ஷிமானோ கிளட்ச்சில் பின்சக்கரத்தைக் கழற்ற வசதியாக ஒரு குட்டி நெம்புகோல் உண்டு, கீழே தள்ளினால் கிளட்ச் அணையும். (ஸ்ராமில் நெம்புகோல் கிடையாது, கேஜை முன்னால் தள்ளிப் பூட்டுப்படம் போட்ட பொத்தானை அழுத்தினால் அப்படியே நிற்கும்.) போன வாரம் வழியில் பின்டயர் பஞ்சர். நெம்புகோலைத் தள்ளி, சக்கரத்தைக் கழற்றி, டியூப் மாற்றி, காற்றடித்து, மாட்டி, கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் குழியிலேயே தகர டப்பா, கூழாங்கல். இத்தனை செலவும் வீண், கிளட்ச் போய்விட்டது என்று வயிற்றைக் கலக்கிவிட்டது. ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்த்தால் நெம்புகோல் கீழேயே இருக்கிறது.