பொடியைத் திரும்ப எடுப்பது எப்படி?

ராணிப்பேட்டைப் பக்கம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தால் குரோமியத்தில் இரண்டு வகை உண்டு என்பது சீக்கிரமே புரிந்துவிடும். தோல் பதனிடும் ஷாப்பில் டிரம்முக்குள் போடுகிற குரோம் உப்பு மூன்று இணைதிறன் கொண்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு போலத் தோலில் ஏறும், மீதி கழிவுநீரில் வரும். மெக்னீசியம் ஆக்சைடு போட்டால் அது படிந்துவிடும். படிந்ததைக் கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி டிரம்முக்கே அனுப்பலாம்.

ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணீரில் குரோமேட்டாகக் கரைந்து நிற்கும், இப்படிப் படியாது. 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலிலிருந்து நிலத்தடி நீரில் இறங்கியது அதுதான். புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ஆற்றில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான் இருக்கலாம். மஞ்சள் பாரித்த கிணற்றுத் தண்ணீரில் டைஃபினைல் கார்பசைடு என்கிற சோதனைக் கரைசலை விட்டதும் ஊதா நிறம் பொங்கிவரும். எத்தனை முறை பார்த்தாலும் மனசு கனத்துப்போகும். அந்தக் கிணற்றை நம்பி ஒரு குடும்பம் இருந்திருக்கும்.

இந்தக் குரோமியத்தைப் பிடிக்கக் கரிப்பொடி போதும். கொட்டாங்குச்சியைச் சுட்டு நீராவியில் பதப்படுத்தினால் ஒரு கிராமுக்குள் ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு அளவுக்கு நுண்துளைகள் உண்டாகும். பொடி எவ்வளவு நைசோ அவ்வளவு வேகமாகப் பிடிக்கும். எங்கள் சோதனையைப் பார்க்க வந்த சுத்திகரிப்பு நிலையத்து ஆபரேட்டர் அண்ணன் ஒருவர் கேட்டார்: "தம்பி, இவ்ளோ நைசான பொடியைத் தொட்டியில கொட்டிட்டா, திரும்ப எப்பிடி எடுப்பீங்க? என் ஃபில்டர் துணி அடைச்சுக்குமே."

காந்தம் சேர்த்த நுண்துளைப் பொருட்களின் பயன் முழுக்க அந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். இரும்பின் இரண்டு உப்புகளை, ஃபெரஸ் ஒரு பங்கு, ஃபெரிக் இரண்டு பங்கு என்ற கணக்கில் கலந்து, கரியும் சேர்த்து, அம்மோனியா விட்டால் காந்தம் இழுக்கும் இரும்பு ஆக்சைடான மேக்னடைட் கறுப்பாகப் படியும். அதன் துகள்கள் இருபது நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் காந்தத்தைக் காட்டும்போது மட்டும் இழுபடும், எடுத்ததும் விட்டுவிடும், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாது. பீக்கரின் பக்கவாட்டில் காந்தத்தை வைத்ததும் கலங்கிய கறுப்புத் தண்ணீர் தெளிந்து, பொடி ஒரே பக்கமாய்ச் சுவரோடு ஒண்டும். பொடியைக் காஸ்டிக் சோடாவில் கழுவினால் குரோமேட்டை விட்டுவிடும், அடுத்த சுற்றுக்குத் தயார்.

பீக்கரில் நடப்பது கிணற்றில் அப்படியே நடக்காது. குரோமேட்டை நன்றாகப் பிடிக்கத் தண்ணீரின் பிஎச் இரண்டு, மூன்றுக்கு இறங்க வேண்டும். அந்த அமிலத்தில் மேக்னடைட்டே கரைய ஆரம்பிக்கும். அதனால் சிலிக்கா பூச்சு கொடுக்கிறார்கள். அப்புறம் உப்பு. நம் பாலாற்றுப் படுகைத் தண்ணீரில் இருக்கும் குளோரைடும் சல்பேட்டும் குரோமேட்டுக்கு வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காய்ச்சி வடித்த நீரில் கிடைத்த எண்ணை வைத்துக்கொண்டு யாராவது பேசினால் எனக்கு ஆத்திரமே வரும். இந்த மண்ணின் தண்ணீரில் சோதிக்காத பொடி இந்த மண்ணுக்கு உதவாது.

இதெல்லாம் ஆய்வகத்தோடு நிற்கிற சமாச்சாரமும் அல்ல. ஆஸ்திரேலியாவில் மவுண்ட் பிளசன்ட் குடிநீர் நிலையத்தில் 2001 முதல் காந்தம் சேர்த்த அயனிப் பரிமாற்றப் பிசின் ஓடியது. தண்ணீரில் கரைந்த கரிமப் பொருளைப் பிடித்த பிசின் மணிகள் தாமே ஒன்றையொன்று இழுத்துத் திரண்டு சீக்கிரம் அடியில் இறங்கும், உப்பு நீரில் கழுவித் திரும்பப் போடுவார்கள். கொரோனா சோதனைக் கூடங்கள் பலவற்றில் ஆர்.என்.ஏ.வைப் பிரித்ததும் காந்த மணிகளை வைத்துத்தான். மருந்துத் தொழிலுக்கும் இது தோதான வழி. விலை உயர்ந்த பல்லேடியம் வினையூக்கியை இப்படிப்பட்ட துகளில் ஏற்றிவிட்டால், வினை முடிந்ததும் காந்தத்தால் அள்ளிவிடலாம்.

இப்போது யாராவது புதுப் பொடி கொண்டுவந்தால் பொடியைக் கழுவிய தண்ணீரைப் பற்றித்தான் முதலில் கேட்கிறேன். கிணறு முழுக்கப் பரவியிருந்த விஷம் இப்போது ஒரு வாளி காஸ்டிக்கில் அடர்ந்து நிற்கிறது. அதற்கு அமிலமும் பைசல்பைட்டும் போட்டு மூன்று இணைதிறனுக்கு இறக்கி, சுண்ணாம்பால் படியவைத்து, அந்தச் சேற்றை மழைநீர் புகாத குழியில் சேர்க்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டு வருபவரோடு உட்கார்ந்து பேச எனக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் சம்மதம்.