ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன்

"வேலையை விடுவதற்கு முன்னால் உன் மனைவியை ஒரு வாரம் பொறுக்கச் சொல்." 2024 மார்ச்சில், எங்கள் பேஸ்பால் அணியின் பயிற்சி கேம்ப் முடியப்போகிற நேரத்தில், பந்து போடும் பிட்சர் ஒருவனிடம் இப்படிச் சொன்னேன். சொல்லியிருக்கலாமா கூடாதா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. சில நாள் அது சரி என்று படுகிறது. சில நாள் அந்த ஒரு பேச்சுதான் அவனைக் கவிழ்த்துவிட்டது என்று படுகிறது.

டபுள் ஏ அணியில், அதாவது மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே இருக்கும் மைனர் லீக் அணியில், ஆட்டத்தின் நடுவில் வந்து பந்து போடும் ரிலீவராக இருந்தான். வயது இருபத்தாறை நெருங்கிக்கொண்டிருந்தது. மைனர் லீக்கில் அது இளமைக் கணக்கில் வராது. கல்லூரி முடித்தது 2020-ல். அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட் முந்தைய வருடம் வரை 40 சுற்று நடந்தது, கோவிடால் அந்த வருடம் 5 சுற்றோடு நின்றுபோனது. வழக்கம்போல் நடந்திருந்தால் பத்தாவது சுற்றுக்குப் பிறகு எங்காவது இவன் பெயரும் வந்திருக்கும். தேர்வாகாதவர்களுக்கு ஓர் அணி கொடுக்கக்கூடிய அதிகபட்சத் தொகை 20,000 டாலர் என்று வைத்திருந்தார்கள். அதற்குத்தான் கையெழுத்துப் போட்டான். போட்ட கையோடு ஆட மைதானம் இல்லை, அந்த வருடம் மைனர் லீக் சீசனே நடக்கவில்லை. 2021-ல் திரும்பி வந்தபோது மேஜர் லீக் அணிகளோடு இணைந்த, 160 சொச்சம் இருந்த மைனர் லீக் அணிகள் 120 ஆகச் சுருங்கியிருந்தன. இதெல்லாம் அவன் செய்த பிழை அல்ல. ஆனால் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று மேசையில் விரிக்கும் பட்டியலில் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

என் வேலை அந்தப் பட்டியலில் ஒரு கட்டத்தை நிரப்புவது. பந்து கையை விட்டுக் கிளம்பும் கோணம், சுழற்சி, எத்தனை அங்குலம் விழுகிறது, எத்தனை அங்குலம் விலகுகிறது என்று டிராக்மேன் ரேடார் எடுத்துக் கொடுக்கும். அதை வைத்து, இந்தப் பிட்சர் மேலே போனால் தாக்குப்பிடிப்பானா என்று ஒரு மாடல் மதிப்பிடும். அந்த மாடலைப் பார்த்துக்கொள்பவர்களில் நானும் ஒருவன்.

அவனுடைய ஃபாஸ்ட்பால்தான் சிக்கல். வேகம் மணிக்கு 92 மைல். அதை வைத்தே பிழைத்தவர்கள் உண்டு, ஆனால் பந்தின் வடிவம் கைகொடுக்க வேண்டும். பின்சுழற்சி நன்றாக விழுந்தால் பந்து எதிர்பார்த்த அளவு கீழே இறங்காது, பேட்டர் அதற்கு அடியில் மட்டையை வீசிவிடுவான். சிங்கர் மாதிரி கூடுதலாக இறங்கினால் பந்தின் மேல்பக்கத்தில் அடித்துத் தரையில் உருட்டுவான். இவனுடையது இரண்டும் இல்லை. அவன் கை வரும் கோணத்தைப் பார்த்து பேட்டரின் கண் எங்கே எதிர்பார்க்குமோ, சரியாக அங்கே போய்ச் சேரும். இதை டெட் ஸோன் என்போம். தையலின் மேல் விரல் வைக்கும் இடத்தை மாற்றிப் பார்த்தோம், மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தோம். சுழற்சி கூடியது, வடிவம் மாறவில்லை. பக்கவாட்டில் விலகிப் போகும் ஸ்வீப்பர் மட்டும் உண்மையிலேயே நல்ல பந்து, வலதுகை பேட்டர்கள் அதைத் துரத்திக்கொண்டு போவார்கள். ஆனால் ஒரே பந்தை வைத்துக்கொண்டு டபுள் ஏ-வுக்கு மேலே நிற்பது கஷ்டம்.

அன்று காலை, பிட்சர்கள் பந்து போட்டுப் பழகும் புல்பென்னில் பந்து போட்டு முடித்துவிட்டு, எட்ஜர்ட்ரானிக் கேமராவில் எடுத்ததைப் பார்க்க என் பக்கத்தில் வந்து நின்றான். பந்து விரலை விட்டுப் போவதை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திக் காட்டினேன். கடைசியாகப் பந்தைத் தொடுவது நடுவிரல். அந்த விரலின் நக ஓரம் கருத்து, தோல் தடித்துப்போயிருந்தது. திரையில் அது தெரிந்ததும் அவனே கையை விரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டான். அப்புறம் பேச்சோடு பேச்சாகக் கேட்டான்: "என் மனைவி வெள்ளிக்கிழமை வேலையை விடுறதா சொல்லிட்டிருக்கா. இந்த சீசன் முழுக்க என்கூட வந்து இருக்கலாம்னு. விடச் சொல்லட்டுமா?"

இந்தக் கேள்வியை அவன் ஏன் என்னிடம் கேட்டான் என்று பலமுறை யோசித்துவிட்டேன். கோச்சிடம் கேட்டால் பயப்படுகிறான் என்று நினைப்பார்கள். இயக்குநரிடம் கேட்டால் வேவு பார்ப்பதுபோல ஆகிவிடும். நான் கணினியோடு உட்கார்ந்திருக்கும் ஆள், யாரையும் அனுப்புகிற அதிகாரம் எனக்கு இல்லை, அதனால் என்னிடம் கேட்டிருக்கலாம். இன்னொன்றும் இருக்கலாம். பட்டியலை நான் பார்த்திருப்பேன் என்று அவனுக்குத் தெரியும்.

பார்த்திருந்தேன். அவன் பெயர் மஞ்சளில் இருந்தது. எங்கள் ஏற்பாட்டில் பச்சை என்றால் இருப்பவன், சிவப்பு என்றால் போகிறவன், மஞ்சள் என்றால் இன்னும் பேச வேண்டியவன். அந்த வருடம் மஞ்சள் வழக்கத்தைவிட அதிகம். 2023-ல் மைனர் லீக் வீரர்களுக்கு முதல்முறையாகத் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்தது. டபுள் ஏ-வில் ஆண்டுக்கு 13,800 டாலராக இருந்த குறைந்தபட்சச் சம்பளம் 30,250 ஆனது. பல வருடம் முன்பே வந்திருக்க வேண்டிய நியாயம் அது, நான் அதன் பக்கம்தான். அதே ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்தும் இருந்தது. சீசன் நடக்கும்போது ஓர் அணி உள்நாட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய மைனர் லீக் வீரர்கள் 2024 முதல் 180 பேர் அல்ல, 165 பேர். எங்களுக்கு அது முதல் மார்ச். பதினைந்து இடம் குறைகிறது என்று காகிதத்தில் படிப்பது ஒன்று, எந்தப் பதினைந்து என்று பெயர் பெயராகப் பேசுவது வேறு.

ஒருவன் போகிறானா இருக்கிறானா என்பதை இயக்குநர் மட்டும்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் விதி. அது நல்ல விதி, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆளாளுக்கு அரைகுறைச் செய்தியைக் கசியவிட்டால் கேம்ப் முழுக்க வதந்திதான் ஓடும். மஞ்சள் பச்சையாகவும் மாறலாம், அப்போது கசியவிட்டவன் சொன்னது பொய்யாகிவிடும். ஆகவே "இதைப் பற்றி நான் பேசக் கூடாது" என்று முடித்திருக்கலாம். அப்படிச் சொன்னால் அதுவே ஒரு பதில் ஆகிவிடும் என்று தோன்றியது. "தாராளமாக விடச் சொல்" என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் பொறுக்கச் சொன்னேன். கூடவே, "கேம்ப் முடியட்டும், டபுள் ஏ-வா ட்ரிபிள் ஏ-வா என்று தெரிந்தால்தானே எந்த ஊரில் வீடு என்று தெரியும்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அது உண்மை. யாரிடம் கேட்டாலும் கொடுக்கக்கூடிய புத்திமதி. என் தரப்பில் நான் முதலில் வைப்பது இதைத்தான்.

ஆனால் அவன் "ஒரு வாரமா?" என்று திருப்பிக் கேட்டான். நான் அடுத்த ஃபிரேமுக்கு நகர்த்தினேன். அவன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான், நன்றி சொன்னான், போனான்.

அந்த வாரக் கடைசியில் பின்மைதானத்தில் வேறொரு அணியோடு பயிற்சி ஆட்டம். நான்கு மைதானங்களுக்கு நடுவே இருக்கும் கோபுரத்தில் இயக்குநரும் மற்றவர்களும் நின்றிருந்தார்கள். அவனுக்கு ஓர் இன்னிங்ஸ் கொடுத்தார்கள். முதல் பந்தே 94 மைல். அவ்வளவு வேகத்தில் அவன் போட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டாவதும் கிட்டத்தட்ட அதே வேகம், ஆனால் கேட்ச்சர் தாவியும் பிடிக்க முடியவில்லை. இலக்குத் தவறிய பந்துகளாகப் போட்டு இரண்டு பேட்டர்களுக்கு வரிசையாக வாக் கொடுத்தான், அவர்கள் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போனார்கள். கோச் போய்ப் பேசிவிட்டு வந்தார். அப்புறமும் ஸ்வீப்பர் பக்கமே போகவில்லை. ஃபாஸ்ட்பால், ஃபாஸ்ட்பால், மறுபடியும் ஃபாஸ்ட்பால். எங்கள் அறிக்கை எதைக் குறை சொன்னதோ அதைத் திருத்திக் காட்டிவிட வேண்டும் என்பதுபோல. இன்னிங்ஸை முடிக்காமலே வெளியே கூட்டிவந்தார்கள்.

மறுநாள் கூட்டத்தில், அதுவரை அவனுக்காக வாதாடிவந்த பிட்சிங் கோச் வாயைத் திறக்கவில்லை. மஞ்சள் சிவப்பானது.

இதைத்தான் என்னால் கடந்து போக முடியவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் அவன் வழக்கம்போல 92-ல் போட்டு, ஸ்வீப்பரைக் கலந்து, மூன்று பேரை அவுட்டாக்கிவிட்டு வந்திருப்பானா? கோச் வாதாடியிருப்பாரா? என் பேச்சு அவன் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டதா? என் மாடல் நவம்பரிலேயே அவனைப் பற்றி இதே மதிப்பீட்டைத்தான் கொடுத்திருந்தது. ஓர் இன்னிங்ஸை வைத்து யாரையும் முடிவு செய்யக் கூடாது என்று அந்தக் கூட்டங்களில் ஓயாமல் சொல்பவன் நான். அப்படிப் பார்த்தால் அந்த ஆட்டத்தை ஒரு பொருட்டாகவே எடுக்கக் கூடாது. ஆனால் அந்த மேசையில் இருந்தவர்கள் எடுத்தார்கள், நானும் மறுத்துப் பேசவில்லை. மறுக்க என்னிடம் சரக்கும் இல்லை. என் கட்டத்தில் இருந்த எண் அவனுக்கு எதிராகத்தான் இருந்தது.

மார்ச் மாதத்தில் எல்லா கேம்ப்பிலும் சில பெயர்கள் மந்திரம்போல ஓதப்படும். மைக் பியாசா 1988-ல் 62-வது சுற்றில் எடுக்கப்பட்டவர், மகத்தான வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்கே போனார். ஜேக்கப் டிகிராம் 2010-ல் ஒன்பதாவது சுற்று, கல்லூரியில் பெரும்பாலும் பிட்சர் அல்ல, ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டர், வந்த வருடமே முழங்கை அறுவைசிகிச்சை, மேஜர் லீக்கில் கால் வைக்கும்போது வயது 25, அப்புறம் இரண்டு முறை சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. நானும் இளம் பிட்சர்களிடம் டிகிராம் கதையைச் சொல்லியிருக்கிறேன், அவனிடமும்தான். கதையில் பொய் இல்லை. ஆனால் இப்போதெல்லாம் எனக்கு மார்க் அப்பெல் கதைதான் அதிகம் நினைவுக்கு வருகிறது. 2013 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். மைனர் லீக்கில் திணறினார், 2018-ல் ஆட்டத்தையே விட்டுப் போனார், 2021-ல் திரும்பினார், 2022 ஜூனில் 30 வயதில் ஃபிலடெல்ஃபியா அணிக்காக மேஜர் லீக்கில் பந்து போட்டார். அதைப் படித்து நான் சந்தோஷப்பட்டேன். முதல் ஆளாக எடுக்கப்பட்டவருக்குத் திரும்பி வரும்போது ஒரு கதவு திறக்கிறது, 20,000 டாலருக்குக் கையெழுத்துப் போட்டவன் ஒருமுறை வெளியே போனால் அந்தக் கதவு இருக்காது என்பதும் அப்போதே தெரிந்தது. என் மாடலுக்கு யார் எவ்வளவு போனஸ் வாங்கினார்கள் என்று தெரியாது, அதுதான் அதன் நேர்மை என்று நினைத்திருந்தேன். ஆனால் மஞ்சளில் இருப்பவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போது, பெரிய போனஸ் வாங்கியவனுக்கு "இன்னும் ஒரு வருடம் பார்ப்போம்" என்ற வார்த்தை எளிதாக விழுகிறது. போட்ட பணத்தை விட யாருக்கும் மனம் வராது. அந்த இடத்தில் மாடலைக் காட்டி நான் எதிர்த்துப் பேசியிருக்கலாம். எல்லாரையும் ஒரே கண்ணால் பார்ப்பதுதானே அதன் வேலை.

சரி, பேசியிருந்தால் இவனுக்குப் பதிலாக இன்னொருவன் போயிருப்பான். 165 என்பது 165தான்.

ரிலீஸ் ஆன அன்று மதியம் பையைத் தூக்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்தான். வராமல் போகிறவர்கள்தான் அதிகம். கை கொடுத்தான். "அவ வேலையை விடலை. இன்ஷூரன்ஸ் அவ வேலையிலதான் இருக்கு. நல்ல நேரத்துல சொன்னீங்க" என்றான். குத்திக்காட்டும் தொனி எதுவும் அதில் இல்லை, மனதாரச் சொன்னான். அதனால்தான் எனக்குக் குழப்பம். ஒரே பேச்சு ஒரு வீட்டின் இன்ஷூரன்ஸைக் காப்பாற்றியிருக்கலாம், ஓர் இன்னிங்ஸைக் கெடுத்தும் இருக்கலாம். அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன், அவன் வேறு பேச்சுக்குப் போய்விட்டான். அவனுடைய ஸ்வீப்பர் வீடியோக்களை எல்லாம் அனுப்பி வைத்தேன். அதற்கு அனுமதி உண்டு.

அந்தக் கோடையில், மேஜர் லீக் அணிகளோடு இணைப்பு இல்லாத சுயேச்சை லீக் ஒன்றில் சேர்ந்தான். அங்கே இருந்து மேலே வந்தவர்கள் உண்டு, அதிகம் பேர் இல்லை. ஆட்ட விவரம் இரவில் வெளியானதும் பார்ப்பேன். அதைப் பார்ப்பது என் வேலை அல்ல. ஓர் ஆட்டத்தில் நான்கு ஸ்ட்ரைக்அவுட் என்று பார்த்தால், ஸ்வீப்பரை அதிகம் போட்டிருப்பான் என்று எனக்கு நானே முடிவு செய்துகொள்வேன்.

அடுத்த மார்ச்சில் கேட்ச்சர் ஒருவன் வந்து, கார் வாங்கக் கடன் போடலாமா என்று கேட்டான். இந்த முறை விதிப்படி, "இதைப் பற்றி நான் பேசக் கூடாது" என்றேன். அவன் பெயர் பச்சையில் இருந்தது, கவலையே படத் தேவையில்லாதவன். ஆனால் நான் சொன்னதைக் கேட்டு அந்த வாரம் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை என்று அவனுடைய அறைத் தோழன் பிறகு சொன்னான். போகிறவனிடமும் இருப்பவனிடமும் ஒரே வாக்கியத்தைச் சொன்னால்தான் அதில் குறிப்பு எதுவும் இருக்காது என்கிறார் பிட்சிங் கோச். தர்க்கம் சரி. வீடு, வேலை, குழந்தை என்று கேட்டு வருகிறவனுக்கு அதில் ஒரு பதிலும் இல்லை.

சீசன் முடிந்ததும் இயக்குநரிடம் ஒரு யோசனை கொடுத்தேன். மஞ்சளில் இருக்கும் ஒவ்வொருவரையும் மார்ச் முதல் வாரத்திலேயே கூப்பிட்டு, நீ மஞ்சளில் இருக்கிறாய் என்று நேராகச் சொல்லிவிடுவோம் என்றேன். குடும்பத்தோடு பேசி அவர்களே முடிவெடுத்துக்கொள்ளட்டும். பாதிப் பேர் அந்தப் பயத்திலேயே கேம்ப் முழுக்க மோசமாக ஆடினால் என்ன செய்வாய் என்று அவர் கேட்டார். அந்த 94 மைல் பந்துதான் என் கண்முன் வந்தது, பதில் சொல்லத் தெரியவில்லை. இருந்தும் யோசனையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்தில் கொடு, பார்க்கலாம் என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.