பரங்கிமலையிலிருந்து பெசன்ட் நகர் வரை: இரண்டு சபைக் குடும்பத்தின் சென்னைக் கோயில் பயணம்

அப்போஸ்தலர் தோமையார் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் குகை, அவர் குத்துப்பட்டு மரித்ததாகச் சொல்லப்படும் மலை, அவரைப் புதைத்த இடம் மூன்றும் சென்னைக்குள்ளேயே இருக்கின்றன. மெட்ரோவும் ஆட்டோவும் மாற்றி மாற்றிப் பிடித்தால் ஒரே பகலில் பார்த்துவிடலாம். கி.பி. 52-இல் கேரளக் கரையில் இறங்கியவர், 72-இல் பரங்கிமலையில் வேதசாட்சியானார் என்பது மரபு. வரலாற்றுக்காரர்கள் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தூத்துக்குடி அத்தைக்கு அந்த வாதமெல்லாம் வேண்டியதில்லை. “தோமையாரே இயேசுவோட காயத்தத் தொட்டுப் பாத்துத்தான நம்பினாரு? நானும் தொட்டுப் பாக்கத்தான் வந்திருக்கேன்” என்று ரயிலிலேயே சொல்லிவிட்டாள்.

எங்கள் குடும்பம் கொஞ்சம் கலப்படம். அப்பா வழி ஆர்.சி., தூத்துக்குடிக் கடற்கரை. அம்மா வழி சி.எஸ்.ஐ., பாளையங்கோட்டை. அத்தை கையில் ஜெபமாலை. அம்மா பையில் பைபிளும் கீர்த்தனைப் புத்தகமும். சுரூபத்துக்கு முன்னால் அத்தை முழங்காலில் நின்றால் அம்மா கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவாள். “மதினி, நீங்க பைய ஜெபம் பண்ணிட்டு வாங்க, நான் இங்க இருக்கேன்” என்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவர்களுக்குள் இருக்கும் ஏற்பாடு இது. ஆகவே இந்தப் பயணத்தில் இருவரையும் திருப்திப்படுத்த வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பரங்கிமலையில் வண்டி மேலே போக நல்ல சாலை இருக்கிறது. அத்தை கேட்கவில்லை. “வண்டியில ஏறிப்போயி என்ன வேண்டுதல் சொல்ல?” என்று படியில் கால் வைத்துவிட்டாள். சுமார் 135 படிகள். அவற்றைக் கட்டிக் கொடுத்தவர் ஆர்மேனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே பழைய மர்மலாங் பாலத்தை 1726-இல் கட்டியவரும் இவர்தான். மலைக்கு வரும் பக்தர்கள் ஆற்றை நனையாமல் கடக்கவும், மூச்சு வாங்காமல் ஏறவும் சொந்தக் காசைச் செலவழித்திருக்கிறார். வழி நெடுக, இயேசுவின் பாடுகளைக் காட்டும் சிலுவைப்பாதை நிலைகள் இருக்கின்றன. அத்தை ஒவ்வொன்றிலும் நின்று ஜெபித்தாள். அது பக்தியா, மூட்டுவலிக்கு ஓய்வா என்று நான் கேட்கவில்லை.

மேலே இருக்கும் கோயில் சின்னது. போர்த்துகீசியர் 1523-இல் கட்டியது. பீடத்தில் பதித்திருக்கும் கற்சிலுவைதான் விசேஷம். 1547-இல் மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது. சிலுவைக்கு மேலே இறங்கும் புறா, சுற்றிலும் பஹ்லவி எழுத்து. பழைய பாரசீகத்தின் எழுத்து சென்னையில் ஒரு குன்றின் மேல் வந்து கிடப்பதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது. 1558 டிசம்பர் 18-ஆம் தேதி பூசை நேரத்தில் இந்தச் சிலுவையில் இரத்தம் வேர்த்தது என்றும், அதற்குப் பிறகும் பல முறை நடந்து 1704-இல் நின்றது என்றும் சொல்கிறார்கள். அத்தை பீடத்துக்கு வெகு அருகில் போய் நின்றாள். சிலுவை கைக்கு எட்டாது. கையை நீட்டிப் பார்த்தாள், பிறகு வாசல்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அம்மா வெளியே காற்று வாங்கிக்கொண்டு, மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

சின்னமலையில் குகை இருக்கிறது. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே நாலைந்து பேர் நின்றாலே நெருக்கம்தான். ஒரு பக்கம் பாறையில் திறப்பு, அதன் வழியாகத்தான் தோமையார் தப்பித்தார் என்கிறார்கள். அதனருகே இருக்கும் பள்ளத்தை அவர் கைத்தடம் என்று காட்டுகிறார்கள். இங்கே அத்தையின் ஆசை நிறைவேறியது. அந்தப் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அவள் நின்ற நேரத்தில் பின்னால் வரிசை நீண்டுவிட்டது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கேறி வழவழவென்று ஆகிப்போன கல் அது. எத்தனை பேர் கை பட்டால் பாறை இப்படி மழுங்கும்! பக்கத்தில் 1971-இல் கட்டிய வட்ட வடிவப் புதுக் கோயில் இருக்கிறது, பெரியது, காற்றோட்டமானது. எனக்கு அது மனதில் நிற்கவில்லை.

அதே சின்னமலைப் பக்கத்தில்தான் அண்ணா சாலையை ஒட்டி ஏ.ஜி. (அசெம்பிளி ஆஃப் காட்) என்னும் பெந்தெகொஸ்தே சபை. 1970-களில் சிறு கூட்டமாகத் தொடங்கி, இன்று ஞாயிற்றுக்கிழமைதோறும் பல ஆயிரம் பேர் வந்து போகும் சபை. ஒரு ஆராதனை முடிந்து வெளியே வரும் கூட்டமும் அடுத்ததற்கு உள்ளே போகும் கூட்டமும் வாசலில் மோதிக்கொள்கின்றன. கோபுரமும் சுரூபமும் கிடையாது. திரையில் பாட்டு வரிகள் ஓட, டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்து நெஞ்சுக்குள் அதிர்ந்தன. சத்தம் எனக்கு அதிகம்தான். அம்மாவுக்கும் கீர்த்தனையின் நிதானம்தான் பிடிக்கும். ஆனால் அத்தை எங்களை ஆச்சரியப்படுத்தினாள். “பூசை எப்ப ஆரம்பிப்பாக?” என்று முதலில் கேட்டவள், கொஞ்ச நேரத்தில் கூட்டத்தோடு சேர்ந்து கையை உயர்த்திவிட்டாள். ஜெபமாலை அந்தக் கையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பெண் அதைப் பார்த்துச் சிரித்து, தன் நாற்காலியை அத்தைக்கு நகர்த்திக் கொடுத்தாள்.

தோமையாரைப் புதைத்த இடமான சாந்தோம் பற்றி எல்லோருக்கும் தெரியும். இப்போது நிற்கும் வெள்ளைக் கோயில் 1896-இல் முடிந்தது. 1956-இல் பசிலிக்கா ஆனது. 1986-இல் போப் இரண்டாம் ஜான் பால் வந்து போனார். கல்லறைச் சிற்றாலயத்துக்குக் கீழே இறங்கிப் போக வேண்டும். வாகன இரைச்சல் அடங்கி, நம் மூச்சுச் சத்தம் நமக்கே கேட்கும் இடம். அத்தை அங்கே அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. மேலே வந்து மயிலை மாதா சுரூபத்தின் முன்னால் நின்றபோது, 1545-இல் பிரான்சிஸ் சவேரியார் மயிலையில் தங்கியிருந்த காலத்தில் இந்த மாதாவிடம்தான் ஜெபித்தார் என்று சொன்னேன். அவ்வளவுதான், கண் கலங்கிவிட்டது. தூத்துக்குடிக் கரையான முத்துக்குளித்துறையின் ஆட்களுக்குத் தோமையார் மரியாதைக்குரியவர், தங்கள் கரையில் ஊழியம் செய்த சவேரியாரோ வீட்டு ஆள். “நம்ம கரையில இருந்துட்டு இங்க வந்தாரா? மணப்பாட்டுக் குகையில இருந்தவரு இங்கயுமா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தோமையார் கல்லறை வரை வந்து சவேரியாருக்காக அழுத ஆள் எங்கள் அத்தை ஒருத்தியாகத்தான் இருக்கும்.

லஸ் கோயிலில் அரை மணி நேரம். கல்வெட்டில் 1516 என்று இருக்கிறது. அந்த ஆண்டு சரியா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. கடலில் வழி தெரியாமல் தவித்த மாலுமிகளுக்குக் கரையில் ஒரு ஒளி தெரிந்தது, அது நின்ற இடத்தில் மாதாவுக்குக் கோயில் எழும்பியது என்பது கதை. அன்று காடு, இன்று மயிலாப்பூரின் நெரிசல். காட்டுக்கோயில் என்று சொன்னால் பழைய ஆட்டோக்காரர்கள் இன்றும் கொண்டுபோய் விடுகிறார்கள்.

பாரிமுனைக்குச் செவ்வாய்க்கிழமை போனதற்குக் காரணம் உண்டு. ஆர்மேனியன் தெருவில் புனித மரியன்னை இணைப் பேராலயத்தில் அன்று புனித அந்தோணியாரிடம் வேண்டிக்கொள்ள வரும் கூட்டம். தெருமுனையிலிருந்தே மாலைக்கடை, மெழுகுவர்த்திக்கடை. உள்ளே பொட்டு வைத்தவர்கள், பர்தா அணிந்தவர்கள், அலுவலக அடையாள அட்டையோடு வந்தவர்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள். எனக்கு முன்னால் நின்ற பெண் மன்றாட்டுச் சீட்டை எழுதிவிட்டு, மடித்து, பிரித்து, இன்னொரு வரி சேர்த்து, மறுபடி மடித்தாள். பேனா மை தீர்ந்துபோனது. என்னிடம் வாங்கி எழுதி முடித்துப் பெட்டியில் போட்டபோது அவள் முகத்தில் வந்த தெளிவை எந்தப் பிரசங்கமும் தர முடியாது என்று தோன்றியது. அம்மாகூட அன்று பின் பெஞ்சுக்குப் போகவில்லை. போக இடமும் இல்லை.

அந்தக் கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே, அதே தெருவில் ஆர்மேனியர்களின் கோயில். 1772-இல் கட்டியது. தெருவுக்கே இவர்கள் பெயர்தான், ஆனால் சென்னையில் இந்தக் கோயிலை நிரப்ப ஆர்மேனியர்கள் இல்லை. கதவைத் தாண்டி உள்ளே போனால் வெளியே நடக்கும் வியாபாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தரையெங்கும் கல்லறைப் பலகைகள், புரியாத எழுத்து, நிழல் தரும் மரங்கள், தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு மணிகள். உலகத்தின் முதல் ஆர்மேனியப் பத்திரிகை 1794-இல் இந்தச் சென்னையில்தான் அச்சானது. அஸ்தரார் என்று பெயர். அதை நடத்திய ஷ்மாவோனியன் பாதிரியார் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். கட்டடம் சுத்தமாக, நன்றாகப் பராமரிக்கப்பட்டு இருக்கிறது. அதுதான் அத்தைக்கு உறுத்தியது. “எல்லாம் இருக்கு, முட்டு போட ஆள் இல்லையே” என்றாள். பரங்கிமலைப் படிகளைக் கட்டியவரின் இனத்தார் கோயில் இது என்றதும், செருப்பைக் கழற்றிவிட்டுப் பீடத்துக்கு நேரே உட்கார்ந்து ஜெபமாலையின் ஐம்பத்துமூன்று மணியையும் சொல்லி முடித்துத்தான் எழுந்தாள். “அவரு போட்ட படியில ஏறினேன்ல, அந்தக் கடன்” என்றாள். எனக்கு இந்தப் பயணம் முழுவதிலும் அந்த முக்கால் மணி நேரம்தான் பெரிது. ஐந்து நிமிடத் தூரத்தில் நிற்க இடமில்லாத கூட்டம். இங்கே ஒரு கிழவியின் முணுமுணுப்பு. மணிக்கூண்டுப் புறாக்கள்கூட அவளுக்குப் பழகிவிட்டன.

மிச்சம் அம்மாவின் முறை. கோட்டைக்குள் போக அடையாள அட்டையும் பரிசோதனையும் உண்டு. தலைமைச் செயலகம் அங்கேதானே. புனித மேரி ஆலயம் 1680-இல் பிரதிஷ்டையானது. குண்டு விழுந்தாலும் தாங்கும்படி கட்டிய வளைவுக் கூரை. முற்றத்தில் பாவிய கற்களெல்லாம் கல்லறைக் கற்கள், மிதித்துத்தான் நடக்க வேண்டியிருக்கிறது. ராபர்ட் கிளைவ் 1753-இல் கல்யாணம் செய்துகொண்ட கோயில் என்பதுதான் வழிகாட்டிகளின் முதல் வரி. அம்மா கிளைவைக் கண்டுகொள்ளவில்லை. மரணப் படுக்கையில் கிடக்கும் ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரின் பளிங்குச் சிற்பத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். 1778-இல் பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்ற பிராமண விதவைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர். அந்த அம்மாள் 1785-இல் கட்டிய கோயில் எங்கள் தாத்தா வீட்டிலிருந்து நடக்கும் தூரம். “பாத்தீங்களா மதினி, எங்க ஐயர்” என்று அத்தையிடம் பெருமையடித்தாள். சவேரியாருக்குப் பதில் சொல்லியாயிற்று.

எழும்பூர் ஆண்ட்ரூ கிர்க்கில் இருவருமே வாயடைத்துப் போனார்கள். 1821-இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டிய வட்டக் கோயில். கூவம் கரையின் இளகிய மண்ணில் அஸ்திவாரம் நிற்காது என்று கிணறு கிணறாக இறக்கி, அதன் மேல் எழுப்பியிருக்கிறார்கள். 50 அடிக்கு மேல் விட்டமுள்ள குவிமாடம், உள்ளே நீல வானமும் நட்சத்திரங்களும். யாரும் இல்லாத நேரம். அம்மா மெல்லிய குரலில் ஒரு கீர்த்தனையை முனக, குவிமாடம் அதை வாங்கிச் சுற்றிவிட்டுத் திருப்பித் தந்தது. அத்தைக்கும் அந்த ராகம் தெரிந்திருந்தது. எங்கே கற்றாள் என்று அம்மா கேட்க, “உன் கல்யாணத்துல பாடினாகல்ல” என்றாள்.

கடைசியாக பெசன்ட் நகர் வேளாங்கண்ணி. 1972-இல் கடற்கரையோரம் சிறிதாகத் தொடங்கிய கோயில், இப்போது ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை நகரத்தின் நாலு பக்கத்திலிருந்தும் ஆட்கள் நடந்தே வரும் கோயில். சேலை கட்டிய மாதா. வயது ஐம்பதைக் கொஞ்சம் தாண்டிய கோயில்தான். ஆனால் அந்தோணியார் கோயிலில் பார்த்த அதே மாலைகள், அதே மெழுகுவர்த்திச் சூடு, அதே கசங்கிய முகங்கள். அத்தை கம்பியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பரங்கிமலைத் திருவிழாவுக்கு டிசம்பர் 18-இல் மறுபடியும் வரப்போவதாக அறிவித்தாள். அம்மா உடனே காலண்டரை நினைத்துப் பார்த்து, அப்படியே கிறிஸ்துமஸ் வரை இருந்தால் கிர்க்கில் கேரல் ஆராதனையும் பார்த்துவிடலாம் என்றாள். டிக்கெட் போட வேண்டியவள் நான். டிசம்பர் கடைசியில் நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் கிடைப்பது எவ்வளவு பாடு என்று இருவருக்குமே தெரியாது.